அந்த ஐந்து வருஷமும் விட்டுப்போன ஒரு பெயரும்

தொடர்ந்து பல படங்களுக்கு நல்ல பாட்டாகவே கொடுத்த இசையமைப்பாளர் யார் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் சண்டைதான். ஐம்பது வயதுக்காரர்கள் இளையராஜா என்பார்கள். அன்னக்கிளியில் ஆரம்பித்து பதினாறு வயதினிலே, முள்ளும் மலரும், உதிரிப்பூக்கள், ஜானி, நிழல்கள், அலைகள் ஓய்வதில்லை என்று விரல் மடக்கிக்கொண்டே போவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ரோஜாவில் தொடங்குவார்கள்: ஜென்டில்மேன், கிழக்குச் சீமையிலே, திருடா திருடா, காதலன், பம்பாய். என் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான், அவன் இங்கிலாந்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதே இல்லை. பீட்டில்ஸ் குழு 1965 டிசம்பரிலிருந்து 1967 நடுப்பகுதிக்குள் ரப்பர் சோல், ரிவால்வர், சார்ஜென்ட் பெப்பர் என்று மூன்று இசைத்தட்டுகளை வரிசையாகக் கொடுத்ததுதான் உலக சாதனை என்பான். நான் மறுப்பதில்லை. எனக்கு அந்தப் பாஷை அவ்வளவாகப் பிடிபடவில்லை என்பதால் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் நம் ஊர்க் கணக்கைப் பேசும்போது என்னால் சும்மா இருக்க முடியாது. 1961 முதல் 1965 வரை விஸ்வநாதன் - ராமமூர்த்தி கொடுத்த வரிசைக்கு ஈடாக இன்னொரு வரிசை தமிழில் இல்லை என்பது என் கட்சி. இளையராஜா ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். அவரையும் ராத்திரி பகலாகக் கேட்டவன்தான் நான். ரயில்வே மெயில் சர்வீஸில் ராத்திரி ஷிப்டில் தபால் பிரித்த வருஷங்களில் எங்கள் மேஜை டிரான்சிஸ்டரில் அவர்தான் துணை. இருந்தாலும் இந்த விஷயத்தில் என் ஓட்டு அந்த இரட்டையருக்கே.

முதலில் எதை வைத்து அளக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் ஒரு பாட்டு ஊரெல்லாம் ஒலிப்பது பெரிய காரியம் இல்லை. அது யாருக்கும் வாய்க்கும். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? முன்பக்கத்தில் கதைச் சுருக்கம் போட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்திருப்பார்கள். உள்ளே மெல்லிய காகிதத்தில் பாட்டுகள். அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது எந்தப் பக்கத்தையும் தாண்டிப் போகத் தோன்றக் கூடாது. அதுதான் என் அளவுகோல். அடுத்த படத்தின் புத்தகமும் அப்படியே இருக்க வேண்டும், அதற்கடுத்ததும். அதோடு, ஒரே டைரக்டர், ஒரே கதாநாயகன், ஒரே மாதிரிக் கதை என்று இருந்துவிட்டால் அதில் பாதிப் பெருமை அவர்களுக்குப் போய்விடும். ஆள் மாறினாலும் கதை மாறினாலும் பாட்டு நிற்க வேண்டும்.

இன்னொரு அளவுகோலும் உண்டு, அதை எங்கள் ஊர் சவுண்டு சர்வீஸ்காரரிடம் கற்றுக்கொண்டேன். அப்போதெல்லாம் எழுபத்தெட்டு சுற்று பிளேட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷத்துச் சொச்சம். எட்டுப் பாட்டு உள்ள படமென்றால் நாலு பிளேட்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தென்னை மரத்தில் குழாய் கட்டிப் பிழைத்த மனிதர் அவர். சாதாரணப் படத்துக்கு ஒரே ஒரு பிளேட்டு வாங்குவார். கொஞ்சம் பேர் வாங்கிய படமென்றால் இரண்டு. 1961-ல் அவர் புலம்பியது என் காதில் இன்னும் இருக்கிறது: ‘இவனுங்க ரெண்டு பேரும் சேர்ந்து எல்லா பிளேட்டையும் வாங்க வெச்சுட்டானுங்க’. எனக்கு அப்போது பதினாலு வயது. அதைவிடப் பெரிய விமர்சனத்தை அப்புறம் எந்தப் பத்திரிகையிலும் நான் படிக்கவில்லை.

அந்த 1961-ஐத்தான் பாருங்களேன். மார்ச் 16-ல் பாவ மன்னிப்பு. மே 27-ல் பாசமலர். செப்டம்பர் 9-ல் பாலும் பழமும். ஆறு மாதம் முழுதாக ஆகவில்லை. மூன்றுக்கும் பீம்சிங் டைரக்டர், சிவாஜி கதாநாயகன், கண்ணதாசன் பாட்டு. என்னுடைய அளவுகோலே இங்கே என்னை இடிக்கிறது என்பீர்கள். வாஸ்தவம். அதனால்தான் 1961-ஐ ஆரம்பம் என்று மட்டும் சொல்கிறேன்.

பாவ மன்னிப்பில் சிவாஜி சைக்கிள் ஓட்டிக்கொண்டே பாடுவதற்கு டி.எம்.எஸ். குரல். ஜெமினி கணேசனுக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ் தாலாட்டுவது போலப் பாடுகிறார். சுசீலா வெட்கத்தோடு அத்தானைப் பற்றிச் சொல்வது ஒரு பக்கம். ரம்ஜான் பாட்டுக்கு டி.எம்.எஸ்ஸோடு நாகூர் ஹனிபா. ஒரே படத்துக்குள் நாலு விதமான உலகம். அதில் ஹனிபாவைக் கொண்டுவந்து சேர்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. எங்கள் தெருவில் ரம்ஜான் அன்றைக்கு அந்தப் பாட்டைப் போடாத வீடு கிடையாது. கோயில் திருவிழாவிலும் அதே பிளேட்டு சுற்றும், யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

பாசமலர் வந்த பிறகு கல்யாண வீட்டின் ஒலியே மாறிப்போனது. தோழியை அழைக்கும் அந்தப் பாட்டில்தான் எல்.ஆர்.ஈஸ்வரி ஊருக்கே தெரிந்தார். மணப்பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது அந்தப் பாட்டு என்று ஒரு சடங்கே உண்டாகிவிட்டது. சாஸ்திரத்தில் எங்கேயும் எழுதாத சடங்கு. அதே படத்தில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு இடத்தில் இருந்துகொண்டு பாடும் தாலாட்டைக் கேட்டு அழாத பெண்களை நான் பார்த்ததில்லை. ஆண்கள் பீடி பற்றவைக்கிற சாக்கில் வெளியே போவார்கள்.

பாலும் பழமும் என் மனதுக்கு இன்னும் நெருக்கம். சுசீலா பாடும் கோயில் மணிப் பாட்டும், சிவாஜி சால்வையைப் போர்த்திக்கொண்டு இருட்டில் நடந்தபடி பாடும் தத்துவமும், புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் மனதை ஒருவர் சொல்லிக்கொள்ளும் அந்த டூயட்டும் ஒரே இசைத்தட்டுத் தொகுப்பில். இதில் எந்தப் பக்கத்தைத் தாண்டுவீர்கள்?

அடுத்த வருஷம்தான் என் வாதத்துக்கு உண்மையான பலம். 1962-ல் மட்டும் அவர்கள் இசையமைத்த படங்கள் பத்துக்கு மேல். பார்த்தால் பசி தீரும், நிச்சய தாம்பூலம், படித்தால் மட்டும் போதுமா, பலே பாண்டியா, ஆலயமணி, பாத காணிக்கை, போலீஸ்காரன் மகள், சுமைதாங்கி, நெஞ்சில் ஓர் ஆலயம், வீரத்திருமகன், காத்திருந்த கண்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பீம்சிங் மட்டும் இல்லை, ஸ்ரீதர் இருக்கிறார், பந்துலு இருக்கிறார், கே.சங்கர் இருக்கிறார். ஆண்டுக்குப் பத்துப் படம் என்றால் மாதத்துக்கு ஆறேழு பாட்டு. அத்தனையும் ஆளை வைத்து வாசித்து, ஆளை வைத்துப் பாடிச் செய்தவை.

நெஞ்சில் ஓர் ஆலயத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை. ஸ்ரீதர் ஒரே ஓர் ஆஸ்பத்திரி செட்டுக்குள் முழுப் படத்தையும் எடுத்தார். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. கல்யாண்குமார், முத்துராமன், தேவிகா. நோயாளிப் புருஷன், தான் போன பிறகு நீ டாக்டரைக் கட்டிக்கொள் என்று மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அவள் பதில் பேசாமல் பாடுகிறாள். அந்தப் பாட்டில் சிதார் ஒன்று அவள் கூடவே வரும். அழுகைப் பாட்டு என்றால் ஷெனாயும் வயலினும் கூட்டமாக வந்து அழுத காலம் அது. இவர்களோ ஒரே ஒரு சிதாரை முன்னால் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டார்கள். சுசீலாவின் குரல் கேள்வி கேட்டுவிட்டு நிற்கும், சிதார் அதற்குப் பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்கும். அதே படத்தில் டாக்டர் தன் பழைய காதலியை வாழ்த்துவதற்கு டி.எம்.எஸ்ஸையும் பி.பி.எஸ்ஸையும் விட்டுவிட்டு, அதுவரை பெரும்பாலும் வேடிக்கைப் பாட்டுக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்த ஏ.எல்.ராகவனைக் கூப்பிட்டார்களே, அந்தத் துணிச்சலை என்ன சொல்வது!

சுமைதாங்கியில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய ஆறுதல் பாட்டின் கதையை வாலியே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சினிமாவில் வாய்ப்புக் கிடைக்காமல் மனம் வெறுத்து, சென்னையை விட்டே போய்விடலாம் என்று இருந்தவரைப் பார்க்க ஸ்ரீனிவாஸ் வந்திருக்கிறார். புதிதாக என்ன பாடினீர்கள் என்று கேட்க, அவர் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியிருக்கிறார். பெட்டி கட்டியவர் பெட்டியைப் பிரித்துவிட்டார். அடுத்த வருஷமே கற்பகம் படத்துக்கு இதே இரட்டையரின் மெட்டுக்குப் பாட்டு எழுதிப் பேர் வாங்கினார். அந்தப் படத்தில் பாட்டெல்லாம் சுசீலாதான், ஆண் குரலே கிடையாது. அப்படி ஒரு படத்தை இன்றைக்கு எந்தத் தயாரிப்பாளராவது ஒப்புக்கொள்வாரா?

1963-ல் திருவல்லிக்கேணியில் விழா எடுத்து, சிவாஜி கையால் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம் கொடுத்தார்கள். மன்னர்கள். இந்த ‘கள்’ விகுதியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

1964-ஐ எடுத்தால் பொங்கலுக்குக் கர்ணன். பிப்ரவரி கடைசியில் காதலிக்க நேரமில்லை. செப்டம்பரில் புதிய பறவை. தீபாவளிக்குப் படகோட்டி. இவை தவிர பச்சை விளக்கு, சர்வர் சுந்தரம், தெய்வத்தாய் என்று இன்னும் பல. கர்ணன் புராணப் படம். பந்துலு வடநாட்டுச் சாயல் வேண்டும் என்றார். சந்தூர், ஷெனாய் என்று வடக்கத்தி வாத்தியங்கள் வந்தன. தோழியை விளித்து சுசீலா பாடுவது ஹமீர் கல்யாணி. போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் கர்ணனுக்காக சீர்காழி கோவிந்தராஜன் பாடுவது சக்கரவாகம். சாஸ்திரீய சங்கீதம் தெரிந்த என் மாமா ஒருவர், சினிமாப் பாட்டு என்றாலே காதைப் பொத்திக்கொள்பவர், அந்தச் சக்கரவாகத்துக்கு மட்டும் கையை எடுத்துவிட்டார்.

அது வந்து ஒன்றரை மாதத்தில் காதலிக்க நேரமில்லை. கலர் படம், கடற்கரை, கார், கிடார், பாங்கோஸ். கர்ணனுக்கு இசையமைத்தவர்கள்தான் இதற்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரன் நம்ப மாட்டான். டி.எம்.எஸ். ஒரு பாட்டுக்கூட பாடாத படம் அது. கேரளத்திலிருந்து வந்த யேசுதாஸ் என்ற இளைஞரின் குரலை நம்மில் பலர் முதல்முதலாகக் கேட்டது அதில்தான். வேலை கேட்டுக் கூட்டமாகப் பாடும் பாட்டில் இசையமைப்பாளரின் பெயரையே கூப்பிட்டுக் கிண்டல் செய்ததை தியேட்டரில் எப்படி ரசித்தோம்! கதையில் பாலையாவின் பாத்திரத்துக்கும் விஸ்வநாதன் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

பிறகு புதிய பறவை. கப்பல், பங்களா, பியானோ, சாக்ஸபோன். சந்தோஷமாக ஒரு தடவை, கலங்கடிக்கும்படி ஒரு தடவை என்று ஒரே மெட்டை இரண்டு விதமாக சுசீலா பாடுவார். நிம்மதியில்லாத மனிதனின் தலைக்குள் என்னென்ன சத்தம் கேட்கும் என்று யோசித்து, ஒரு பெரிய வாத்தியப் படையையே கூட்டி அமர்த்திச் செய்த பாட்டும் அதில்தான். தமிழில் அதுவரை அப்படி ஒரு பிரம்மாண்டம் வந்ததில்லை என்று தைரியமாகச் சொல்வேன். புராணம், கூத்து, மர்மம் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று. ஒன்றின் நிழல் மற்றதில் விழவில்லை.

இது எப்படி நடந்தது என்று ஓய்வு பெற்றவனுக்கு உரிய அவகாசத்தோடு யோசித்திருக்கிறேன். ஒரு காரணம், அன்றைக்கு ஒலிப்பதிவு நடந்த விதம். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். யாராவது ஒருவர் சுருதி பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. ஒட்டுவதும் வெட்டுவதும் கிடையாது. அதனால் ஒத்திகை பார்த்துப் பார்த்துப் பாட்டு எல்லோருடைய உடம்பிலும் ஏறிய பிறகுதான் விளக்கு எரியும். இன்னொரு காரணம் போட்டி. கே.வி.மகாதேவன் சும்மா இருந்தாரா? தாய் சொல்லைத் தட்டாதே, இருவர் உள்ளம், வானம்பாடி, குங்குமம் என்று அவரும் அடித்துக்கொண்டுதான் இருந்தார். படகோட்டி வந்த அதே தீபாவளிக்கு வந்த நவராத்திரிக்கு அவர்தான் இசை. எதிர்வீட்டுக் கோலம் பெரிதாக இருந்தால் நம் வீட்டுக் கோலமும் பெரிதாகும். மூன்றாவது, கண்ணதாசன். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை அவருடையதாகிவிடும் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அத்தனையும் தங்கம் என்று சாதிக்கவில்லை. வருஷத்துக்குப் பத்துப் படம் செய்தால் சில பாட்டுகள் இன்னொரு பாட்டின் தம்பி போல இருக்கத்தான் செய்யும். சில படங்களின் பாட்டை இன்றைக்கு நான் கேட்டால்கூட ஞாபகம் வராது. ஆனால் அந்தச் சறுக்கல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பாருங்கள். இரண்டு மாதம் பொறுத்தால் அடுத்த நல்ல படம் வந்துவிடும். சிலோன் ரேடியோவில் மயில்வாகனன் அறிவிக்கும் குரலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும்.

சரி, அந்த ‘கள்’ விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இதை எழுதவே உட்கார்ந்தது அதற்காகத்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பு. மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள், நன்றாகவே பாடினார்கள். பாசமலர் பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் தம்பி, ‘மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. இசையில்’ என்றார். ஆலயமணிக்கும் அப்படியே. கர்ணனுக்கும் அப்படியே. இடைவேளையில் போய், ‘தம்பி, இதெல்லாம் விஸ்வநாதன் ராமமூர்த்தி’ என்றேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: ‘தெரியும் சார், பேர் நீளமா இருக்கு. எம்.எஸ்.வி.ன்னா ஜனங்களுக்கு டக்குனு புரியும்’. பேரனின் கைபேசியில் பாட்டுக் கேட்கும் வசதியில் பார்த்தேன். சில பழைய பாட்டுகளுக்கு இரண்டு பெயரும் இருக்கிறது, சிலவற்றுக்கு ஒன்றுதான். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் இதே கதை. இப்படிப் போனால் இன்னும் இருபது வருஷத்தில் ராமமூர்த்தி என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

யார் அவர்? திருச்சிக்காரர். 1922-ல் பிறந்தவர், விஸ்வநாதனைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா கிருஷ்ணசாமிப் பிள்ளை, தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, இருவரும் வயலின் வித்வான்கள். அந்த வில்லும் நரம்பும் பரம்பரையாக வந்தது. சி.ஆர்.சுப்பராமன் குழுவில் ராமமூர்த்தி வயலின், விஸ்வநாதன் ஆர்மோனியம். 1952-ல் சுப்பராமன் முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். அவர் பாதியில் விட்ட படங்களை இந்த இருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். அந்த வருஷமே கலைவாணரின் பணம் படத்தில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து வந்தது. மூத்தவர் பெயர் பின்னால், இளையவர் பெயர் முன்னால். பதிமூன்று வருஷம் அப்படியே ஓடியது. 1965-ல் ஆயிரத்தில் ஒருவனோடு பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்ற வம்பு நமக்கு வேண்டாம்.

எதிர்க்கட்சியின் வாதம் எனக்குத் தெரியும். பிரிந்த பிறகு என்ன ஆனது பாருங்கள் என்பார்கள். விஸ்வநாதன் அன்பே வா, சிவந்த மண், உலகம் சுற்றும் வாலிபன், நினைத்தாலே இனிக்கும் என்று கொடி நாட்டினார். ராமமூர்த்திக்குச் சாது மிரண்டால், தேன் மழை, மறக்க முடியுமா, நான், மூன்றெழுத்து, தங்கச் சுரங்கம் என்று கொஞ்சம் படங்கள்தான். ஆகவே சரக்கெல்லாம் விஸ்வநாதனுடையது, மற்றவர் கூட இருந்தார், அவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை. கூட்டு வியாபாரத்தில் ஒருவர் கல்லாவில் இருப்பார், ஒருவர் கிடங்கில் இருப்பார். கல்லாக்காரரை ஊருக்குத் தெரியும். கடை பிரிந்ததும் கூட்டம் தெரிந்த முகத்தைத் தேடித்தான் போகும். சர்வர் சுந்தரத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டும் பாட்டில், எம்.எஸ்.வி. கையை வீசி நடத்தும் காட்சியை யாரால் மறக்க முடியும்? அந்த முகமும் அந்தச் சிரிப்பும் ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டன. படம் கிடைப்பது வேறு, திறமை வேறு. சினிமாவில் இது தெரியாதவர் யார்? மறக்க முடியுமாவில் கலைஞர் எழுதி சுசீலா பாடிய பாட்டை ஒருமுறை கேளுங்கள். அதற்கு மெட்டுப் போட்டவருக்குச் சரக்கில்லை என்று சொல்ல மனசு வந்தால் சொல்லுங்கள்.

என் காதுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், சங்கீத வித்வான் யாராவது திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். 1965-க்குப் பிறகு எம்.எஸ்.வி. செய்தவற்றில் சிகரங்கள் உண்டு. சில பாட்டுகள் அந்த ஐந்து வருஷப் பாட்டுகளைவிட உயரம். ஆனால் படத்துக்குப் படம், பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சமன் பிறகு அடிக்கடி அமையவில்லை. பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் முன் வரும் இடையிசையில், 1961-லும் 1962-லும் வயலின்கள் ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போகும். அலங்காரத்துக்கு வந்த மாதிரி இருக்காது, பாட்டின் கதையில் ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். அது முழுக்க ராமமூர்த்தி கைவேலை என்று சத்தியம் செய்ய நான் அந்தக் கூடத்தில் இல்லை. மூன்று தலைமுறை வயலின்காரர் ஒருவர் அங்கே இருந்தார், அது மட்டும் நிச்சயம். டைட்டில் கார்டில் இரண்டு பெயர் இருந்தது. பத்திரத்தில் இரண்டு கையெழுத்து இருந்தால் சொத்து இரண்டு பேருக்கும்தான். ஒருவர் கையெழுத்தை அழிக்க நாம் யார்?

இதில் எம்.எஸ்.வி.யைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் பெருமை அவர் தனியாகச் சம்பாதித்ததிலேயே ஏராளமாக இருக்கிறது. இன்னொருவர் பங்கைச் சேர்த்துக் கொடுத்துத்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்பதில்லை. 1995-ல் எங்கிருந்தோ வந்தான் படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2012-ல் அரசு விழாவில் முதலமைச்சர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் வைத்து, ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தையும் பொற்காசுகளையும் காரையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது, யாரோ ஒருவராவது கணக்கைச் சரியாக எழுதினார்களே என்று இருந்தது. மறு வருஷம் ஏப்ரலில் ராமமூர்த்தி காலமானார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2015 ஜூலையில் எம்.எஸ்.வி.

2012-ல் கர்ணனைப் புதுப்பித்துத் திரையிட்டார்களே, போயிருந்தீர்களா? நான் இரண்டு தடவை போனேன். நூறு நாள் ஓடியது. 2014-ல் ஆயிரத்தில் ஒருவனும் அப்படி வந்து நன்றாக ஓடியது. திரையில் இசை என்று இரண்டு பெயர்கள் வந்தபோது கைதட்டல் எழுந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், ‘ராமமூர்த்தி யாரு மச்சி?’ என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் திரும்பவில்லை. இடைவேளையில் தேடிப் பிடித்து, பாப்கார்ன் வாங்கும் வரிசையில் நின்றபடியே திருச்சியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கைபேசியில் குறித்துக்கொண்டான், பாவம்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மெல்லிசைக் குழு வந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். 1965-க்கு முந்தைய பாட்டுக்கு ஒற்றைப் பெயர் சொன்னால், மேடைக்குப் பக்கத்தில் போய் ஒரு சீட்டில் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுங்கள். சண்டை வேண்டாம், சீட்டு போதும். எழுதிக் கொடுத்தால் வாசித்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு அறுபதாம் கல்யாணத்தில் இதைச் செய்து பார்த்தேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். பாசமலர், நெஞ்சில் ஓர் ஆலயம், சுமைதாங்கி, புதிய பறவை, இந்தப் படங்களின் பழைய பாட்டுப் புத்தகம் யாரிடமாவது பரணில் கிடந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அட்டையையும், இசை என்று பெயர் போட்டிருக்கும் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால் போதும். என்னிடம் இருந்தவை தகரப் பெட்டியோடு 1977 வெள்ளத்தில் போய்விட்டன. பாலும் பழமும் மட்டும் பின் அட்டை இல்லாமல் மிச்சம் இருக்கிறது.